மங்கி ஐலண்டும் மயில்கழுத்துக் கலரும்

சனி – கல்லணை, தஞ்சாவூர்

அரையாண்டு லீவு விட்ட மறுநாளே அக்கா மகனை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். திருச்சியில் இறங்கி, காவிரி கூடவே கிழக்கே போய், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. திட்டம் இவ்வளவுதான். ஏழாவது படிக்கிற பையன், போனில் துப்பாக்கி விளையாட்டைத் தவிர வேறு உலகம் கிடையாது, கோயில் குளம் என்று சுற்றினால் மூஞ்சியைத் தூக்கிக்கொள்வான் என்று அக்காவுக்குக் கவலை. என் பையில் பழைய லேப்டாப்பைப் பார்த்ததும் "அங்க போயும் வேலையாடா?" என்றாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அதில் ஒரு வீடியோ கேம் பாதியில் நிற்கிறது என்பதை நாற்பதை நெருங்குகிறவன் எந்த முகத்தோடு சொல்வது?

கல்லணையில் தண்ணீர் நன்றாகவே போகிறது. மேட்டூரை ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுவது வழக்கம் என்பதால் மார்கழி நல்ல நேரம். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று நாலாகப் பிரிகிற இடத்தைக் காட்டினேன். புது ஆறு என்பது கல்லணைக் கால்வாய், 1934இல் முடிந்தது என்றதும், "தொண்ணூறு வருஷம் ஆயிருச்சு, இன்னும் புதுசாவே இருக்கா மாமா?" என்றான். கரிகாலனைவிட அவனுக்கு அதுதான் பிடித்தது.

ராத்திரி தஞ்சாவூர் லாட்ஜில் லேப்டாப்பைத் திறந்தேன். எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, கட்டம் கட்டமா தெரியுது? நெட் ஸ்லோவா?"

"நெட்டே வேணாம் மாப்ள. படமே அப்படித்தான்."

'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்.' லூகாஸ்ஃபில்ம் கேம்ஸ் 1990இல் வெளியிட்ட சாகச விளையாட்டு. ரான் கில்பர்ட் தலைமை, கூட எழுதியவர்கள் டிம் ஷேஃபரும் டேவ் கிராஸ்மனும். கைப்ரஷ் த்ரீப்வுட் என்று ஒரு வெடவெடத்த பையன். கடற்கொள்ளையன் ஆகியே தீருவேன் என்று மீலே தீவில் வந்து நிற்கிறான். வாள் சண்டையில் ஜெயிக்க வேண்டும், ஒரு பொருளைத் திருட வேண்டும், புதையல் எடுக்க வேண்டும் என்று மூன்று சோதனை வைக்கிறார்கள். நான் இதைச் சின்ன வயதில் விளையாடியதில்லை. அன்றைக்கு எங்கள் தெருவிலேயே கம்ப்யூட்டர் கிடையாது. ஆகவே பழைய நினைப்பில் உருகுகிறான் என்று யாரும் என்னைத் தள்ளிவிட முடியாது. சமீபத்தில் தள்ளுபடியில் வாங்கினேன், மீலே தீவின் முதல் காட்சியிலேயே விழுந்துவிட்டேன்.

மீலே தீவில் எப்போதும் இரவுதான். கருநீல வானம், மலை விளிம்பு, எங்கோ சில ஜன்னல் வெளிச்சம். திரை மொத்தமும் அகலத்தில் 320 புள்ளி, உயரத்தில் 200. பெருக்கினால் 64,000. இவன் போனில் எடுக்கிற ஒரு செல்ஃபியில் அதைப்போல நூறு மடங்குக்கு மேல் இருக்கும். முதலில் வந்த பதிப்பில் நிறமும் பதினாறேதான். அந்தப் பதினாறில் ராத்திரிக்கு உதவுகிற மாதிரி இருந்தவை ஒரு கறுப்பு, ஓரிரு நீலம், சாம்பல். மார்க் ஃபெராரி என்ற ஓவியர் கறுப்பையும் நீலத்தையும் புள்ளிக்குப் புள்ளி மாற்றி வைத்து, இல்லாத நீலங்களையெல்லாம் கண்ணுக்குள் வரவழைத்தார். கண்டபடி புள்ளி கலந்தால் படக்கோப்பு சுருங்காது, வட்டில் இடம் பத்தாது என்று முதலில் அந்த வேலையே கூடாது என்றிருந்தார்களாம்.

2009இல் புதிதாக வரைந்து மறுபதிப்பு வந்தது. அதில் ஒரு வசதி: எஃப் 10 விசையைத் தட்டினால் புதுப் படம் போய்ப் பழைய படம் வரும், மறுபடி தட்டினால் புதுசு. மாப்பிள்ளை தட்டித் தட்டிப் பார்த்தான். பழசு வரும்போதெல்லாம் "ஐயே" என்றான். பிறகு தூங்கிப்போனான்.

ஞாயிறு – தஞ்சாவூர்

பெரிய கோயிலைப் பற்றி எழுதாதவர்கள் யாரும் இல்லை, நான் விட்டுவிடுகிறேன். காலையில் போனால் கால் சுடாது என்பது மட்டும் உபயோகமான தகவல்.

மத்தியானம் லாட்ஜில் கரண்ட் இல்லை, டிவி ஓடவில்லை. வேறு வழியின்றி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அப்போது கைப்ரஷ் கடலுக்கடியில் இருந்தான். திருடிய சிலையை அவன் இடுப்போடு கயிற்றில் கட்டித் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சுற்றிலும் கத்தி, வாள் என்று கயிறு அறுக்கிற சாமான் எல்லாம் மணலில் கிடக்கிறது. ஒன்றையும் எட்ட முடியாது, கயிறு அந்த அளவுக்குக் குட்டை.

இந்த விளையாட்டில் கைவிரல் வேகத்துக்கு வேலை இல்லை. திரைக்குக் கீழே எடு, கொடு, திற, மூடு, தள்ளு, இழு, பார், பேசு என்று கட்டளைகள் வரிசையாக இருக்கும். ஒரு வினையைத் தொட வேண்டும், ஒரு பொருளைத் தொட வேண்டும். அவ்வளவுதான் ஆயுதம். மாப்பிள்ளை கத்தியைத் தொட்டான், வாளைத் தொட்டான், கயிற்றை இழுத்தான்.

"செத்துருவானா மாமா?"

"இதுல சாவே கிடையாதுடா."

உண்மையில் கில்பர்ட்டுக்கு அது கொள்கை. அந்தக் காலத்துச் சாகச விளையாட்டுகளில் தப்பான கதவைத் திறந்தால் சாவு, முதல் அறையில் ஒரு சாமானை எடுக்க மறந்தால் கடைசி அறையில் வழியே இல்லை. ஆட வந்தவனை இப்படித் தண்டிப்பது மோசமான வடிவமைப்பு என்று 1989இல் கட்டுரையே எழுதினார். இருந்தாலும் ஒரே ஒரு சாவை ஒளித்து வைத்திருக்கிறார், இந்தத் தண்ணீருக்குள்தான். தன்னால் பத்து நிமிஷம் மூச்சடக்க முடியும் என்று கைப்ரஷ் பெருமையடித்துக்கொள்வான். நிஜமாகவே பத்து நிமிஷம் சும்மா இருந்தால் போய்விடுவான்.

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. மாப்பிள்ளை போனில் டைமர் வைத்தான். வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டு இருவரும் ஒரு பொம்மை சாவதற்காகக் காத்திருந்தோம். சொன்ன நேரத்துக்குப் பச்சையாகி மிதந்தான். கீழே இருந்த கட்டளைகள் எல்லாம் மாறிப்போய், மித, வீங்கு, அழுகு என்று வந்து நின்றன. பையன் விழுந்து விழுந்து சிரித்தான். துப்பாக்கி விளையாட்டில் நாளுக்கு நூறு பேரைச் சுடுகிறவனுக்கு ஒருத்தன் சாவதில் இவ்வளவு சிரிப்பு இருக்கும் என்று தெரிந்திருக்காது.

விடை என்ன தெரியுமா? சிலையை 'எடு'. கட்டியிருக்கிற சிலையையே கையில் எடுத்துக்கொண்டு ஏறி வந்துவிட வேண்டியதுதான். சுற்றிக் கிடந்த கத்திகள் எல்லாம் நம்மை ஏமாற்றப் போட்டவை.

திங்கள் – கும்பகோணம்

ரயிலில் வந்தோம். இரண்டு பக்கமும் சம்பா, பால் பிடிக்கிற பருவம். பாபநாசம் தாண்டும்வரை மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, லேப்டாப் அவன் மடியில்.

பெரியம்மா வீட்டில் தங்கல். வாசலில் கோலம், நடுவில் சாணி உருண்டையில் பரங்கிப்பூ. புள்ளிக் கோலத்துக்கும் திரைப் புள்ளியான பிக்சலுக்கும் இந்த இடத்தில் நான் ஒரு முடிச்சுப் போடுவேன் என்று எதிர்பார்ப்பீர்கள். போட மாட்டேன். கோலத்தில் புள்ளி என்பது கம்பி சுற்றி வருவதற்கான காவல், கோலம் முடிந்தபின் அதை யாரும் பார்ப்பதில்லை. பிக்சலில் புள்ளியே படம்.

விளையாட்டில் ஒரு சிறைப் பூட்டு. கொள்ளையர்கள் குடிக்கிற ஒரு சரக்கு உண்டு, இரும்பையே அரிக்கும். அதை ஊற்றினால் பூட்டு கரையும். ஆனால் பிடித்துப் போகிற குவளையும் கரையும், சிறைக்குப் போவதற்குள் ஒழுகிவிடும். காலையில் பெரியம்மா டபராவுக்கும் டம்ளருக்குமாகக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை பார்த்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று உள்ளே ஓடினான். கரைகிற குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டே சிறைவரை போய்விட்டான். பாட்டி காபியைப் பார்த்துத்தானே தோன்றியது என்று கேட்டேன். "இல்லயே, பைல இருந்த எல்லாத்தையும் எல்லாத்தோடயும் சேத்துப் பாத்தேன்" என்றான். நான் நம்பவில்லை. ஆனால் அவன் சொல்வதுதான் நிஜமாக இருக்கும்.

செவ்வாய் – திருபுவனம்

இந்தப் பயணத்தில் எனக்கு மறக்காத நாள் இதுவாகத்தான் இருக்கும். மயிலாடுதுறை சாலையில் கொஞ்ச தூரம். மூன்றாம் குலோத்துங்கன் கட்டிய கம்பகரேசுவரர் கோயிலைப் பார்த்துவிட்டு, பெரியம்மாவுக்குத் தெரிந்த ஒரு நெசவாளர் வீட்டுக்குப் போனோம். பட்டுச்சேலைக்கு டிசைன் போடுகிறவர், அறுபது தாண்டியவர். வீட்டுக்குள் சௌராஷ்டிரம் பேசினார்கள், எங்களோடு தமிழ்.

தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. அதிலிருந்து ஓட்டை போட்ட அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்குகின்றன. மிதியை மிதித்தால் ஓர் அட்டை நகர்ந்து ஊசிகளின் முன்னால் வந்து நிற்கும். ஓட்டை இருக்கிற இடத்தில் ஊசி உள்ளே போகும், அந்தப் பாவு நூலை, அதாவது நெடுக்கே ஓடுகிற நூலை, மேலே தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும், நூல் கிடந்த இடத்தில் கிடக்கும். குறுக்கு நூலான ஊடையை இழுத்துக்கொண்டு நாடா ஒரு தடவை ஓடும். அடுத்த அட்டை. ஊடைக்கு ஓர் அட்டை. பிரான்சின் லியோன் ஊரில் ஜக்கார்ட் 1804இல் கொண்டுவந்த ஏற்பாடு, இன்றும் இந்தத் தெருவில் டக் டக் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. உண்டு, இல்லை. தூக்கு, விடு. மாப்பிள்ளைக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஒன்றும் சுழியும் இதுதான் என்று நான் விளக்கப்போக, அவர் நிறுத்தினார்.

"அதெல்லாம் அப்புறம் தம்பி. இதப் பாருங்க."

பழைய கிராஃப் தாள் ஒன்றை விரித்தார். முந்திக்கான மயில். கட்டம் கட்டமாகச் சிவப்பு மசியால் அடைத்திருந்தது. மாப்பிள்ளை குனிந்து பார்த்துவிட்டு, "மயில் ஏன் தாத்தா நசுங்கியிருக்கு?" என்றான். அப்போதுதான் நானும் பார்த்தேன். சாதாரணக் கணக்கு நோட்டுத் தாளில் போட்ட முதல் படம் அது. பக்கத்தில் இன்னொரு தாளில் அதே மயில் சரியாக இருந்தது, ஆனால் அந்தத் தாளின் கட்டங்கள் சதுரமாக இல்லை.

"இன்ச்சுக்குப் பாவு இத்தன நூல், ஊட இத்தன நூல்னு இருக்குல்ல? ரெண்டும் ஒண்ணா இருக்காது. சதுரக் கட்டத்துல அழகா வரஞ்சீங்கன்னா, சேலைல மயில் குள்ளமாயிரும், இல்ல நெட்டையாயிரும். தாள்ல எப்படி இருக்குங்கறது முக்கியமில்ல. நெய்தா எப்படி வரும்? அதத்தான் மனசுல வச்சுக் கட்டம் அடைக்கணும்."

எனக்குச் சிலிர்த்தது. 1990இன் விளையாட்டிலும் புள்ளி சதுரம் இல்லை. 320க்கு 200 என்று எண்ணினாலும், அன்றைய குமிழ்த்திரை நாலுக்கு மூன்று. 200 வரி அந்த உயரத்தை நிரப்ப, ஒவ்வொரு புள்ளியும் அகலத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் உயரமாக நிற்கும். வரைந்தவர்கள் அதைக் கணக்கில் வைத்து வரைந்தார்கள். இன்று அதே கோப்பை அப்படியே சதுரப் புள்ளியில் போட்டால் கைப்ரஷ் கொஞ்சம் குண்டாகிவிடுவான். பழைய சாகச விளையாட்டுகளை ஓட்டும் இலவச மென்பொருள் ஸ்கம்விஎம்; 2001இல் தொடங்கியது. அதில் இந்த நசுங்கலைச் சரிசெய்யவே தனியாக ஓர் அமைப்பு இருக்கிறது.

லேப்டாப்பைத் திறந்து அவரிடம் காட்டினேன், பதினாறு நிற இரவை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் திரைக்கு வெகு கிட்டத்தில் வந்தார். கறுப்பும் நீலமும் மாறி மாறி இருப்பதைப் பார்த்தார். பின்னால் நகர்ந்து மறுபடி பார்த்தார்.

"மயில்கழுத்து பண்ணிருக்கான்."

பாவு நீலம், ஊடை பச்சை என்று போட்டு நெய்வார்கள். நூலில் மயில்கழுத்து நிறம் கிடையாது, சாயத்தொட்டியிலும் கிடையாது. இரண்டும் குறுக்கே மறுக்கே ஓடி, பார்க்கிறவர் கண்ணில் சேர்ந்தால் உண்டு. மனைவியை அழைத்து அந்த நிறத்தில் ஒரு சேலையை எடுத்துவரச் சொன்னார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினார். பச்சை, நீலம், பச்சை. கிட்டத்தில் கண்ணை வைத்தால் இரண்டு நூல், கையை நீட்டிப் பிடித்தால் மயில்.

பிக்சல் ஓவியத்தை "அந்தக் காலத்துல வசதி இல்ல, அதான் அப்படி" என்று சொல்கிறவர்களோடு எனக்கு இனிப் பேச்சு இல்லை. வசதி குறைச்சல் என்பது வாஸ்தவம். ஆனால் எந்தத் திரையில் தெரியப்போகிறது, எவ்வளவு தள்ளி உட்கார்ந்து பார்ப்பார்கள், எந்த இரண்டு நிறம் சேர்ந்தால் கண் ஏமாறும் என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் 64,000 இடங்களை யோசித்து நிரப்பியிருக்கிறார். 2009இன் வழவழப்பான மறுபதிப்பில் எல்லாமே இருக்கிறது, என் கண்ணுக்குத்தான் வேலை இல்லை.

இப்போது பெரும்பாலும் கம்ப்யூட்டரிலேயே டிசைன் போடுகிறார்கள். அவர் பேரன் காட்டினான். திரையில் ஒரு பிக்சல், தறியில் ஒரு நூல் சந்திப்பு. மவுஸை வைத்து ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டிருந்தான். மாப்பிள்ளை அங்கிருந்து நகர மறுத்தான்.

புதன் – மழை

நாள் முழுக்க அடித்தது. வெளியே போகவில்லை.

விளையாட்டில் வாள் சண்டைக்கு வந்திருக்கிறோம். வாள் சும்மா பேருக்கு. எதிராளி ஒரு வசை சொல்வான், அதற்கு வாயடைக்கிற பதில் சொன்னால் நாம் ஒரு அடி முன்னால். பால்காரன் போலச் சண்டை போடுகிறாய் என்பான் ஒருத்தன். பொருத்தம்தான், நீ மாடு மாதிரி போடுகிறாயே என்று திருப்ப வேண்டும். பதில் தெரியாவிட்டால் தோற்க வேண்டும், தோற்றுத் தோற்றுத்தான் வசைகளைக் கற்க வேண்டும்.

திண்ணையில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த பெரியம்மாவுக்கு இதை மொழிபெயர்த்துச் சொன்னேன். "இது ஒரு திட்டா? ஆளப் பாத்தா அழகு, வேலையப் பாத்தா எழவுன்னு சொல்லச் சொல்லு" என்றார். மாப்பிள்ளை நோட்டை எடுத்துவந்து எழுதிக்கொண்டான். சாயங்காலத்துக்குள் ஒரு பக்கம் நிறைந்தது. பாதியை இங்கே எழுத முடியாது.

வியாழன் – தரங்கம்பாடி

கொள்ளையர் விளையாட்டுக்கு ஏற்ற ஊர். தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை, மஞ்சள் பூச்சோடு கடலைப் பார்த்து நிற்கிறது. கடைசியில் 1845இல் மொத்தமாக ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதிக்கொடுத்த கடிதம் இன்னும் டென்மார்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. கடலோரத்தில் மாசிலாமணி நாதர் கோயில், முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது.

விளையாட்டில் தலையில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு பீரங்கிக்குள் நுழைந்து பறக்கிற காட்சி ஒன்று உண்டு. கோட்டைப் பீரங்கியைப் பார்த்ததும் மாப்பிள்ளை என்ன கேட்டிருப்பான் என்று சொல்ல வேண்டியதில்லை. காவலாளி அண்ணன் நல்ல மனிதர், முறைத்ததோடு விட்டுவிட்டார்.

வெள்ளி – நாகப்பட்டினம்

வாள் சோதனையில் ஜெயித்தே தீர வேண்டிய வாள் தலைவியை இன்று ஜெயித்தோம். அந்த இடத்தில்தான் எழுதியவர்களின் மூளை தெரிகிறது. ரோட்டில் கண்ட கொள்ளையரிடம் கற்ற வசை எதையும் அவள் சொல்வதில்லை. எல்லாமே புதிது. ஆனால் நம்மிடம் இருக்கிற பழைய பதில்களே அவற்றுக்கும் பொருந்தும், எது எதற்கு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே வாக்கியம், இரண்டு பூட்டு.

நாகைக்கு வந்துவிட்டுக் காளமேகத்தைச் சொல்லாமல் போகலாமா? கடற்கரையில் உட்கார்ந்து மாப்பிள்ளைக்குச் சொன்னேன். பசியோடு வந்த புலவர் இந்த ஊர்க் காத்தான் சத்திரத்தில் காத்துக் காத்து நொந்து பாடினார் என்பது கதை. பொழுது அத்தமிக்கும்போதுதான் இங்கே அரிசி வரும், குத்தி உலையில் போடும்போது ஊர் அடங்கிவிடும், ஓர் அகப்பை சோறு இலையில் விழும்போது விடிவெள்ளி எழுந்துவிடும் என்று வாரினார். சத்திரத்துக்காரர் கெஞ்சவே, ஓர் எழுத்தையும் மாற்றாமல் பொருளை மாற்றினார். நாட்டில் சோறே அத்தமிக்கிற பஞ்சத்திலும் இங்கே அரிசி வரும். உலையில் போட்டால் ஊர்ப் பசி அடங்கும். இலையில் விழுகிற சோற்றின் வெண்மையைப் பார்த்து விடிவெள்ளியே வெட்கப்படும்.

"ஓசில சாப்புட வந்துட்டு திட்டிருக்காரா?" என்றான் முதலில். அப்புறம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

ராத்திரி விளையாட்டை முடித்தோம். முப்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று, சொன்னால் குற்றமில்லை: கடைசியில் வில்லனான பேய்க் கொள்ளையனைக் கரைத்து ஒழிப்பது வாள் இல்லை, ஒரு குளிர்பானம். கீழே கடையில் இரண்டு பன்னீர் சோடா வாங்கினோம். 1991இல் வந்த இரண்டாம் பாகத்துக்குப் பின்னணிகளைத் தாளில் வண்ணத்தில் வரைந்து ஸ்கேன் செய்தார்களாம். எனக்கு அதில் சந்தேகம்தான், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

சாப்பிடப் போன மெஸ்ஸில் வஞ்சிரம் வறுவல் ஒரு தட்டு சொல்லியிருந்தோம். மாப்பிள்ளை கை கழுவிவிட்டு வந்து தட்டைப் பார்த்தான். சர்வர் அண்ணனைப் பார்த்து, "எங்க மாமா ஒண்ணுல கை வச்சா மிச்சம் வைக்கவே மாட்டாரு" என்றான். என்னடா சொன்ன என்று நான் முறைக்க, "எடுத்த வேலைய முடிக்காம விடமாட்டீங்கன்னு சொன்னேன் மாமா" என்றான். இன்னொரு தட்டு சொல்ல வேண்டியதாயிற்று.